முன் சக்கரத்துக்குக் கல் நான்கு

"வண்டிக்கு அடியில் ஆள் இருக்கிறது. சாவி என்னிடம். யாரும் வண்டியில் சாயவோ கதவைத் திறக்கவோ வேண்டாம். முன் சக்கரத்துக்குக் கல் நான்கு, எண்ணிப் பார்க்கவும்."

இந்தச் சீட்டு என்னிடம் இருக்கிறது. மாடுகளுக்குத் தடுப்பூசி போட்ட பட்டியலின் பின்பக்கத்தில் நீல மையால் எழுதியது. வலது மூலையில் "ஆடி, கடைசி ஞாயிறு, காலை 7.10" என்று இருக்கிறது. ஆண்டு இல்லை. இப்படிப்பட்ட சீட்டுகளைக் கீழ்வீட்டு டாக்டரம்மா பலமுறை எழுதிக் கார் கண்ணாடித் துடைப்பானில் செருகிவைப்பதைப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் முதல் மூன்று வாக்கியங்கள் மாறாமல் இருக்கும். நான்காவது வாக்கியம் இந்த ஒன்றில் மட்டும்தான் உண்டு. அது எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியுமா என்பதுதான் தெரியவில்லை.

அவர் கால்நடை மருத்துவர். ஒரத்தநாட்டுக்குத் தெற்கே ஒரு கிராம மருந்தகத்தில் வேலை. தஞ்சாவூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் கீழ்ப்பகுதியில் ஐந்து ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக இருந்தார். கணவர் சிங்கப்பூரில். நான் பத்திரம் எழுதுகிறவன். தேதியும் நான்கு எல்லையும் சரியாக இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. வீட்டில் நடப்பதையும் தெருவில் நடப்பதையும் நாள் போட்டு எழுதி வைப்பது நாற்பது வருடப் பழக்கம். கீழ்வீட்டு டாக்டரம்மா அந்தக் குறிப்பேடுகளில் அடிக்கடி வருகிறார். வரும் இடத்திலெல்லாம் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்.

"எனக்குப் பயமா இருக்கு சார்."

மற்றவர்கள் பசிக்கிறது என்று சொல்லும் குரலில் அதைச் சொல்வார். முகத்தில் எதுவும் இருக்காது. மின்விசிறி லேசாக ஆடினால் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு சொல்வார். பஸ் டிரைவர் கொட்டாவி விட்டதற்காக ஊர் வருமுன்பே இறங்கி அடுத்த பஸ்ஸில் வந்திருக்கிறார். குடிவந்த புதிதில் என் மனைவிக்கு அது வேடிக்கையாக இருந்தது. மாட்டு வயித்துக்குள்ள தோள் வரைக்கும் கையை விடற பொம்பளைக்கு ஃபேன் ஆடினா பயமாம் என்று மாடிப்படியில் நின்று சொன்னாள். அது அவர் காதில் விழுந்துவிட்டது. அண்ணாந்து பார்த்து, கோபமில்லாமல் சொன்னார்:

"மாடு ஒதைக்கறதுக்கு முன்னாடி சொல்லிட்டுத்தான் ஒதைக்கும்மா. ஃபேன் சொல்லாது."

அவருடைய கார் நான்கு சக்கரங்களுக்கும் இழுவை போகும் வகை. முத்துப்பேட்டையில் வளைகுடாவிலிருந்து திரும்பிவந்த ஒருவரிடம் பழையதாக வாங்கியது. ஐப்பசி மழையில் வண்டல் பாதைகளில் சாதாரணக் கார் புதைந்துவிடும் என்பதால்தான் வாங்கினார். முதல் இரண்டு ஆண்டுகள் அந்தக் காரைப் பற்றி என் குறிப்பேட்டில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு சித்திரை மாத வியாழக்கிழமை இப்படி எழுதியிருக்கிறேன்: "காலை. கீழ்வீட்டுக் கார் பின்னால் எடுக்கும்போது அடியில் 'டொக்'. ஒருமுறை." அடுத்த திங்கட்கிழமை இரண்டு. ரிவர்ஸில் ஒன்று, முதல் கியரில் ஒன்று. வைகாசியில், வேகத்தடையில் ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போதும் ஒன்று.

சத்தம் எப்போது தொடங்கியது என்று அவர் எங்களிடம் கேட்டபோது நான் குறிப்பேட்டை எடுத்துவந்து படித்தேன். படிக்கட்டில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். தன்னுடைய கம்பவுண்டர்கூட நோயாளி மாட்டைப் பற்றி இவ்வளவு ஒழுங்காக எழுதமாட்டார் என்றார். எழுந்து போகும்போது திரும்பிக் கேட்டார்: "நான் செத்த தேதி எழுத எடம் விட்டு வச்சிருக்கீங்களா சார்?"

சிரித்தேன். அன்று சிரிக்க முடிந்தது.

அந்தச் சத்தத்துக்கு அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேறொரு மாவட்டத்தில் வாடகை ஜீப்பில் போய்வந்துகொண்டிருந்தார். ஜீப்பின் அடியில் இரண்டு மாதமாக டொக் டொக் என்று கேட்டது. அது அப்படித்தான் மேடம், பழகிடும் என்று டிரைவர் சொல்லியிருக்கிறார். ஒருநாள் ஆற்றங்கரைச் சாலை வளைவில், எஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோகும் நீளமான இரும்புத் தண்டு, புரொப்பல்லர் ஷாஃப்ட், முன் முனையில் கழன்று சாலையில் குத்தியது. ஜீப் பின்பக்கம் தூக்கிக்கொண்டு கரையோரம் திரும்பி நின்றது. முன் சக்கரம் ஒன்றுக்கு அடியில் மண் இல்லை, கீழே தண்ணீர் இருந்தது. டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் வண்டி சாயும் என்பதால் இருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். வயல் வேலைக்காரர்கள் வந்து பின்னால் ஏறி நின்ற பிறகே இறங்க முடிந்தது. யாருக்கும் காயமில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்கள் என்று கேட்டேன். கடிகாரத்தைப் பார்க்கக் கையைத் திருப்பப் பயமாக இருந்தது என்றார்.

தஞ்சாவூரில் இரண்டு பட்டறைகளில் காட்டினார். ஒன்றில், வண்டிக்கு வயசாச்சு மேடம், பழகிடும் என்றார்கள். அவர் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். இன்னொன்றில், கீழே உள்ள அத்தனையையும் மாற்ற வேண்டும் என்றார்கள். எது கெட்டிருக்கிறது என்று கேட்டால் விலைப்பட்டியலையே மறுபடி நீட்டினார்கள். அதன் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் போர்ட்டிகோவில் தானே பார்க்கத் தொடங்கினார். கணவர் போனில் சத்தம் போடுவது மாடிக்குக் கேட்கும். இவர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "பழகிடும்னு சொல்றவன் கையில வண்டியக் குடுக்க எனக்குப் பயமா இருக்குங்க."

அவர் வேலை செய்வதைக் குறிப்பேட்டோடு நின்று பார்ப்பேன். காரின் பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளில் நிறுத்துவார். முன் சக்கரங்களுக்குப் பின்னால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு செங்கல் வைத்து முட்டுக் கொடுப்பார். பிறகு காரை இடுப்பால் மூன்று முறை பலமாக இடிப்பார். சாவியை முந்தானையில் முடிந்துகொள்வார், சீட்டைச் செருகுவார். இவ்வளவும் செய்த பிறகு, "பயமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சாக்கை விரித்து அடியில் போவார்.

உள்ளே போன பிறகு அவசரமே கிடையாது. பழைய ஸ்டெதஸ்கோப் ஒன்றைக் கியர்பெட்டியின் மேல் வைத்து, ஒரு கையால் தண்டைத் திருப்பிக் கேட்பார். தண்டின் மேலும் அதன் பக்கத்துத் தகட்டின் மேலும் சாக்பீஸால் ஒரே கோடு போட்டு, தண்டை இரு பக்கமும் அசைத்து, கோடு எவ்வளவு விலகுகிறது என்று விரலால் அளப்பார். "ஆட்டம்" என்பது அவர் அதற்கு வைத்திருந்த சொல். இவ்வாரம் ஆட்டம் ஒரு விரல், போன வாரம் முக்கால் என்று அடியிலிருந்து குரல் வரும். நான் மேலே எழுதிக்கொள்வேன். கியர்பெட்டியைத் தாங்கும் ரப்பரைத்தான் முதலில் மாற்றினார். ஒன்பது நாள் சத்தம் இல்லை. பத்தாம் நாள் வந்தது. அன்று அவர் காரை எடுக்காமல் பஸ்ஸில் போனார்.

அடியில் படுத்திருப்பவருக்கு மனிதர்கள் வெறும் கால்கள்தான். வருகிறவர்களைச் செருப்பை வைத்தே அவர் கண்டுபிடித்துவிடுவார். பால்காரர், தபால்காரர், எதிர்வீட்டு ஆசிரியர் என்று ஒவ்வொருவரையும் அடியிலிருந்தே விசாரிப்பார். ஒருமுறை நான் சத்தமில்லாமல் படியிறங்கிப் போக, "சார், இடது செருப்பு வார் அறுந்துரும்போல இருக்கு, பாத்துப் போங்க" என்றார்.

இதை ஒரு காரணத்தோடுதான் எழுதுகிறேன்.

ஆனி கடைசியில் ஆற்றில் தண்ணீர் வந்தது. அவர் வேலைக்குப் போகும் வழியில் ஏழெட்டு மைல் கால்வாய்க் கரைமேல்தான் போக வேண்டும். சுவர் இல்லை, கல் இல்லை. காலையில் அவர் கார் வெளியே போகும்போது கேட்கும் இரண்டு டொக்குகளுக்காக நான் மாடியில் காத்திருப்பேன். மாலையில் அவர் திரும்பும் நேரத்தையும் எழுதத் தொடங்கியிருந்தேன். ஒரு மாலை முக்கால் மணி நேரம் தாமதமானது. அந்தப் பக்கத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணியை எழுதி வைத்திருக்கிறேன்.

ஆடி மூன்றாம் சனிக்கிழமை மாலை என்னிடம் சொன்னார். தண்டைக் கழற்றிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார். அதில் ஒரு சிக்கல் இருந்தது. சாதாரணமாக ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களைப் பிடித்துக்கொண்டிருக்கும். கியரும் அந்தத் தண்டும் சேர்ந்து முன் சக்கரங்களையும் பிடித்துக்கொண்டிருக்கும். தண்டைக் கழற்றிவிட்டால் இந்த வகைக் காரில் கியரில் போட்டிருந்தாலும் முன் சக்கரங்கள் சும்மா உருளும். பின் சக்கரங்களோ தரையில் இல்லை.

"கடைசி போல்ட்டு கழன்றதுக்கப்புறம் பிரேக்கும் இல்ல, கியரும் இல்ல சார். கல்லு மட்டும்தான். எனக்குப் பயமா இருக்கு."

அன்றிரவு குறிப்பேட்டில் இதை எழுதினேன். "கடைசி போல்ட்டுக்குப் பின் கல் மட்டுமே." என் கையெழுத்துத்தான். அழகாகவே இருக்கிறது.

மறுநாள் ஞாயிறு. ஆடிக் காற்று. எங்கள் தெரு இரும்பு கேட் காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தலைவலியைக் கொண்டுவரும். எப்போதும் ஒரு செங்கல்லை எடுத்துக் கேட்டுக்கு முட்டுக் கொடுப்பது என் வழக்கம். கீழே இறங்கினேன். காருக்கு அடியில் ஸ்பானர் சத்தம் கேட்டது. இடது முன் சக்கரத்தின் பின்னால் இரண்டு கல் இருந்தன, ஒன்றின் மேல் ஒன்றாக. மேலே இருந்ததை எடுத்தேன். ஒன்று இருக்கிறதே என்று நினைத்தேனா, ஒன்றுமே நினைக்கவில்லையா என்று இத்தனை நாள் கழித்தும் என்னால் எழுத முடியவில்லை. போய்க் கேட்டுக்கு வைத்தேன். சத்தம் நின்றது. ஸ்பானர் சத்தமும் நின்றது.

திரும்பியபோது தண்டின் ஒரு முனை காருக்கு அடியிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது. அதைத் தள்ளியபடி அவரும் வந்தார், கிடந்த வாக்கிலேயே முதுகால் நகர்ந்து. எழுந்து, அந்த நீளத் தண்டை, பிறந்த கன்றைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் ஏந்தி இரண்டு எட்டு தள்ளி வைத்தார். நிமிர்ந்தார்.

போர்ட்டிகோ தெருவை நோக்கிச் சரிவு. இடது சக்கரத்தடியில் இருந்த ஒற்றைச் செங்கல் நசுங்கிப் பொடிந்த சத்தம் முறுக்கு கடிப்பதுபோல் சின்னதாகத்தான் கேட்டது. கார் முகத்தை ஒருபக்கம் திருப்பியது. ஸ்டாண்டு இரண்டும் சாய்ந்தன. பின்பக்கம் அப்படியே தரையில் விழுந்து, ஹேண்ட் பிரேக் பிடித்த சக்கரங்கள் ஒரு முழம் தேய்த்துக்கொண்டு வந்து நின்றன. அவர் படுத்திருந்த சாக்கு காருக்கு அடியில் இருந்தது. அதன்மேல் ஒரு ஸ்டாண்டு மடங்கிக் கிடந்தது.

என் மனைவி மாடியிலிருந்து ஏதோ கத்தினாள். அவர் காரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்குப் பயமா இருந்துச்சு சார்," என்றார். "அதான் வந்துட்டேன்."

அவருக்கு இது புதிதில்லை. ஒருமுறை அவரோடு கிராமத்துக்குப் போயிருந்தபோது, அமைதியாக நின்ற எருமையின் பின்னாலிருந்து திடீரென்று இரண்டடி விலகினார். அரை நிமிடம் கழித்துத்தான் அது உதைத்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "பயம் வந்தா மொதல்ல வெளிய வந்துடணும் சார். ஏன்னு அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். ஆகவே அன்று அவர் வெளியே வந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் கிரீஸ் கையைக் கழுவ உள்ளே போனார். போகும்போது, "கல்லு நாலும் இருக்கா பாருங்க சார்" என்றார்.

குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நான் கேட்டுக்குப் போய்ச் செங்கல்லை எடுத்துவந்து, பொடிந்த கல்லின் பக்கத்தில் போட்டேன். கல் இரண்டுமுறை நழுவியது. அவர் வந்தபோது, "நாலும் இருக்கு" என்றேன்.

அப்போது காற்று வீசி, முட்டு இல்லாத கேட் படாரென்று அடித்தது.

அவர் கேட்டைப் பார்த்தார். பிறகு கற்களைப் பார்த்தார். "கேட்டு அடிச்சிக்குது சார்" என்றார். அவ்வளவுதான். படியில் உட்கார்ந்து தண்டைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, நடு மூட்டை ஆராயத் தொடங்கினார்.

மூட்டைச் சுற்றிக் குருவிக்கூடுபோல ஏதோ இறுகியிருந்தது. காயம் தைக்கும் இடுக்கியால் ஒவ்வொரு இழையாக இழுத்தார். காய்ந்த கொடி. ரப்பர் உறையை அறுத்து உள்ளே போய், கிரீஸைக் குடித்து, உள்ளே இருந்த ஊசி உருளைகளைச் செம்பொடியாக்கியிருந்தது. கடைசியாக வந்த இழையில் இரண்டு நெற்று, உடையாமல். நகத்தால் பிளந்தார். உளுந்து.

எங்கள் இருவருக்கும் உடனே புரிந்தது. பங்குனியில் அறுத்த உளுந்துக் கொடியைத் தார்ச்சாலையில் பரப்பி, போகிற வண்டிகளை ஏறவிட்டு மணி பிரிப்பது இந்தப் பக்கத்து வழக்கம். எருமை உதைத்த அதே நாளில், திரும்பும் வழியில் ஒரு விவசாயி காரை நிறுத்தி, டாக்டரம்மா, உங்க வண்டிதான் கனம், ரெண்டு வாட்டி ஏத்தி எறக்கிட்டுப் போங்க என்று கேட்டார். இவர் நாலு வாட்டி ஏற்றினார். முன்னும் பின்னும், மெதுவாக, ஒரு ஓரமும் விடாமல். அந்த வழியில் எல்லாக் களத்துக்காரர்களும் அப்படித்தான் அவரை நிறுத்துவார்களாம். மறுக்கத் தோன்றவில்லை. எல்லாவற்றுக்கும் பயந்தவர் இதற்கு மட்டும் பயப்படவில்லை.

"இதுக்குப் பயப்படணும்னு தோணல பாருங்க சார்," என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு புது மூட்டும், தண்டை நடுவில் தாங்கும் புதுப் பேரிங்கும் வந்தன. ஸ்டாண்டுகளையும் மாற்றி, டிராக்டர் பட்டறையில் செய்த கனமானவற்றை வாங்கியிருந்தார். நான் மாடியைவிட்டு இறங்கவில்லை. வேலை முடிந்து காரை எடுத்தார். ரிவர்ஸ், சத்தமில்லை. முதல் கியர், சத்தமில்லை. கேட்டுக்கு வெளியே நிறுத்தி இறங்கி, துடைப்பானில் இருந்த சீட்டை எடுத்துக்கொண்டு மேலே வந்தார். நான் மேலே எடுத்துக்காட்டிய சீட்டு அதுதான்.

"உங்க ஃபைல்ல வச்சிக்குங்க சார்" என்று கொடுத்தார். முகத்தில் எப்போதும்போல எதுவும் இல்லை.

அதற்கடுத்த பங்குனியில், உளுந்து பரப்பிய இடங்களில் காரை நிறுத்திவிட்டு, இறங்கிக் கொடியைக் காலால் ஒதுக்கி வழி செய்துகொண்டு போகிறார் என்று கேள்விப்பட்டேன். எங்க உளுந்து உங்க காருக்கு ஆகாதா என்று கேட்டவரிடம், எனக்குப் பயம்யா என்றாராம். பிறகு மாற்றலாகி வேறு மாவட்டம் போனார். போகும்போது என் மனைவி அழுதாள். நான் பெட்டிகளை எண்ணிக்கொண்டு நின்றேன். காரை விற்றுவிட்டார் என்று பின்னால் தெரிந்தது. தொலைபேசி எண் என்னிடம் இருக்கிறது. பொங்கலுக்கு என் மனைவி பேசுவாள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அந்த ஞாயிறைப் பற்றிக் கேட்டதில்லை.

அவர் போன பிறகு ஒரு ஞாயிறு காலை, வெறும் போர்ட்டிகோவில் அவர் சாக்கு விரித்த இடத்தில் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். தலையை ஒருபக்கம் திருப்பினால் இடது முன் சக்கரம் இருக்கும் இடம் ஒரு கை தூரம். அங்கே குனிந்து கல்லை எடுப்பவனின் செருப்பு மட்டுமல்ல, கையும் நன்றாகத் தெரியும். மறுபக்கம் திருப்பினால் சுவர்தான்.

என் குறிப்பேட்டில் அந்த ஞாயிறுக்குக் கீழே "கல் நான்கும் இருந்தன" என்று எழுதியிருக்கிறேன். நாற்பது வருடத்தில் தெரிந்தே நான் எழுதிய பொய் அது ஒன்றுதான். இங்கே திருத்துகிறேன்: மூன்று. நான்காவதை எடுத்தது நான்.

கடைசி போல்ட்டைக் கழற்றும்போது அவர் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பது இதுவரை சரிபார்க்கப்படவில்லை.